சுவருக்குள் ஒரு முடிச்சு

அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். பதினெட்டு வருடமாக அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் வயரிங் வேலைக்காரர். எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் புறங்கையால் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையில் கரண்ட் பிடித்தால் விரல்கள் இறுகிக்கொள்ளும். புறங்கை என்றால் தானாக விலகிவிடும். அதனால் தெருவே அவரைப் 'புறங்கை' என்றுதான் கூப்பிட்டது. தொழிலில் அவரைக் குறை சொன்னவர் கிடையாது.

தங்கை வீடு கட்டியபோது வயரிங் முழுவதும் அண்ணன் பொறுப்பு. மீட்டர் பெட்டியிலிருந்து வாசல் ஷெட்டில் உள்ள தண்ணீர் மோட்டாருக்குத் தடித்த ஒயர் போக வேண்டும். மறுநாள் காலை பூச்சு வேலைக்கு ஆள் வருகிறார்கள், ஒயர் போதவில்லை. இரண்டு முனைகளிலும் தடித்த ஒயரை வைத்தார். நடுவில் ஃபேனுக்குப் போடும் மெல்லிய ஒயரை முடிச்சுப் போட்டு, டேப் சுற்றிப் படுக்கையறைச் சுவருக்குள் விட்டுவிட்டார். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்புதான். பூச்சு காய்ந்தது. தினமும் பத்தே நிமிடம் ஓடிய மோட்டாரை அந்த முடிச்சு தாங்கிக்கொண்டது.

இப்போது அந்த வீட்டில் கேஸ் அடுப்பு போய்விட்டது. பெட்ரோல் கார் போய், சத்தமே இல்லாத மின்சாரக் கார் வந்து நிற்கிறது.

"மாப்ளே, சார்ஜருக்குப் புது லைன் இழுத்துடுவோமே," என்று தங்கை கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மோட்டார் லைன் இருக்கும்போது புதுசு எதுக்கு மச்சான்? கம்பெனி ஆளு ரெண்டு பக்கமும் திறந்து பார்த்துட்டு, யாரு சார் போட்டது, தாம்புக்கயிறு மாதிரி ஒயர்னு மெச்சிட்டுப் போறான். உங்களுக்கு நீங்களே கண்ணு வைக்காதீங்க!"

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். அந்தப் பாராட்டு அவர் வாயைக் கட்டிப்போட்டது. ஐயோ, ஒரு மனிதன் ஊமையாக அதற்குமேல் என்ன வேண்டும்?

ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கருவிப் பையோடு கிளம்பிப் போனார். ஷெட்டில் கார் காலையிலிருந்து சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே படுக்கையறையில் தங்கை மகள் கட்டிலில் அந்தச் சுவரோடு சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா! இந்தச் சுவர்ல சாஞ்சு பாருங்களேன். கதகதன்னு ஒத்தடம் குடுக்குது. முதுகு வலி போன இடம் தெரியல."

அவர் கை தானாக நீண்டது. புறங்கை சுவரில் பட்டதும் சட்டென்று விலகியது. கரண்ட் இல்லை. சூடு! மூக்கில் ஏதோ கருகும் வாடை.

"எழுந்திரும்மா! வெளியே ஓடு!"

ஓடிப்போய் மெயினை இறக்கினார். கட்டிலை இழுத்துத் தள்ளிவிட்டுச் சுத்தியலால் சுவரை அடிக்கத் தொடங்கினார்.

"மச்சான், பைத்தியமா உங்களுக்கு? பெயிண்ட் அடிச்சு ஒரு மாசம் ஆகல!" என்று பதறி ஓடிவந்தார் மாப்பிள்ளை. "தப்புன்னா பிரேக்கர் விழுந்திருக்காதா?"

"அது தடி ஒயருக்குப் போட்ட பிரேக்கர், மாப்ளே. விழாது. நடுவுல இருக்கறது தடி ஒயர் இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சுத்தியல் நின்றது.

"நான்தானே போட்டேன்."

பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே டேப் தாராக உருகி வழிந்திருந்தது. கட்டிலின் தலைமாட்டுப் பலகையில், சுவரைத் தொட்ட இடம் பழுப்பேறிக் கருகியிருந்தது.

சத்தம் கேட்டு மகளோடு உள்ளே வந்த தங்கை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. மகளின் முதுகை மெல்லத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"என் புள்ள தலை வைக்கிற இடம்ணே இது." பிறகு, குரல் இறங்கிக் கேட்டாள்: "இந்த ஒரு வீட்டுலதானே இப்படிச் செஞ்சே?"

அண்ணன் ஜன்னல் வழியே எதிர் வீட்டைப் பார்த்தார். அதே வருடம் அவரே வயரிங் செய்த வீடு. ஷெட்டில் மாலை போட்ட புத்தம்புது மின்சாரக் கார். சுவரில் சார்ஜரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

சுத்தியலோடு, செருப்புக்கூடப் போடாமல், அவர் தெருவைக் கடந்து ஓடினார்.