புளி போட்டுத் தேய்த்த பிஸ்டல்

என் அப்பாவிடம் ஒரு பிஸ்டல் இருந்தது என்று சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. தொண்ணூறுகளில் கர்க்லாண்ட் என்ற வெளிநாட்டுப் புறநகரில் வீடு, எஞ்சினியர் வேலை, ஞாயிற்றுக்கிழமை இட்லி என்று வாழ்ந்த மனிதர் அவர். குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்து, அங்கே ஓய்வு பெற்றுப் போன ஒருவரிடமிருந்து பழையதாக வாங்கி, முறைப்படி பதிவும் செய்து வைத்திருந்தார். ஒருமுறை சுட்டால் அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும் ரகம். வாங்கிய மறுவருடமே கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது. அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

வீட்டுக்கு யார் வந்தாலும் பேஸ்மென்ட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். மேலே சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும். பிஸ்டலின் உடலிலும் குழலிலும் ஒரே எண் இருக்க வேண்டும், கூட வந்த, தோட்டா அடுக்கும் இரண்டு மேகசினும் அட்டைப்பெட்டியும் இருக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே கம்பெனி ஏற்றிய கருநீல மெருகு அப்படியே இருக்க வேண்டும், அதற்குத்தான் விலை என்பார். ஒன்பது வயதில் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறும், இது தடுமாறாது.

தம்பிக்கு அப்போது நான்கு வயது. ஒரு வயதில், பிஸ்டல் பூட்டியிருந்த பெட்டியின் சாவியை வாயில் போட்டுக்கொண்டு அவன் திரிந்ததைப் பார்த்த நாளிலிருந்து, அதை விற்றுவிடச் சொல்லி அம்மா கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் எப்போதும் ஒரே பதில்தான்.

"இனிமே இது வராதுடி. அடுத்த வருஷம் பாரு, விலை எங்கயோ போயிடும்."

அந்த அடுத்த வருஷம் மூன்று முறை வந்து போனது. கேட்டுக் கேட்டு எனக்கே எரிச்சலாக இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. ஊரெல்லாம் ஸ்பேனருக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கிறார்கள், நம் வீட்டில் அசல் ஆயுதமே இருக்கிறதே என்று அப்பாவுக்குப் பெருமை பொங்கிவிட்டது. தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்து, துடைத்து வைக்கும்படி அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெற்றிலை தேடி, நம்மூர்க் கடைகள் இருக்கும் வில்லரே பக்கம் போனார்.

திரும்பி வந்தபோது சரஸ்வதி படத்துக்கு முன்னால், என் கணக்குப் புத்தகத்தின் மேல், சந்தனமும் குங்குமமுமாகப் பிஸ்டல் வெள்ளைவெளேரென்று மின்னியது. புளியும் உப்பும் பூசி ஊறவைத்துத் தேய்த்தாளாம்.

"ஒரே கறுப்பா இருந்துதுங்க. அழுக்குன்னு நினைச்சேன்."

அப்பா பதறிப்போய்க் கையை நீட்டினார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக் கூடாது என்று அம்மா மெதுவாக நினைவுபடுத்தினாள். முந்தின வருஷம் நான் கதைப் புத்தகத்தை எடுக்கப் போனபோது அப்பா சொன்ன சட்டம்தான் அது. துரு ஏறாமல் எண்ணெய் தடவக்கூட வழியில்லாமல், பொட்டு வைத்த பிஸ்டலைப் பார்த்தபடி சோபாவில் உட்கார்ந்துவிட்டார். சுண்டலைக்கூடத் தொடவில்லை.

அடுத்த சனிக்கிழமை துப்பாக்கிக் கடைக்கு என்னையும் கூட்டிப் போனார். கடைக்காரக் கிழவர் பூதக்கண்ணாடியை வைத்து எண்களைப் பார்த்தார், தலையாட்டினார். மேகசின்களைப் பார்த்தார், தலையாட்டினார். பிறகு உலோகத்தைக் கட்டைவிரலால் தடவி, யார் செய்த வேலை என்று கேட்டார். மதப் பண்டிகை ஒன்றுக்காகச் சுத்தம் செய்தது என்றார் அப்பா. கிழவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். புதிதாக மெருகு ஏற்றினாலும் பயனில்லை, சேகரிப்பவர்கள் அசல் மெருகுக்குத்தான் பணம் தருவார்கள் என்றார். அப்பா நினைத்திருந்ததில் கால்வாசிதான் தேறியது. துரு பிடிக்க ஆரம்பித்துவிட்டதால் அடுத்த வருஷம் இதுவும் கிடைக்காது என்று கிழவர் சொன்னதும், அப்பா தாள்களில் கையெழுத்துப் போட்டார்.

வழி முழுக்க, "புளி! புளியைப் போட்டு!" என்று ஸ்டியரிங்கோடு பேசிக்கொண்டே வந்தார்.

"தெரியாமப் பண்ணிட்டேங்க," என்றாள் கதவைத் திறந்த அம்மா. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஒன்றும் அறியாதவளை இப்படி வறுத்தெடுக்கிறாரே என்று அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு பெண்கள் கல்லூரியில் அம்மா நான்கு வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவள். அது எனக்கு அப்போதே தெரியும். அதையும் புளியையும் சேர்த்துப் பார்க்க ஒன்பது வயதில் எனக்குத் தோன்றவில்லை. நாற்பத்தைந்து வயது எஞ்சினியருக்கும் தோன்றவில்லை.