வாலில் சேரும் சொற்கள்

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் ஒழுங்கைக்குப் பின்னேரமானால் பக்கத்து வீட்டுப் பறங்கிப் பிள்ளைகள் கயிறடிக்க வந்துவிடுவார்கள். ஒருத்தி ஓர் ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக்கொண்டு குதிப்பாள். அடுத்தவள் அதே ஓசையில் முடிகிற இன்னொரு சொல்லோடு கயிற்றுக்குள் புகுவாள். கேக் என்றால் லேக், லேக் என்றால் ஸ்னேக். பலகாரத்துக்கும் குளத்துக்கும் பாம்புக்கும் என்ன உறவு என்று அங்கே ஒருவரும் கேட்பதில்லை. கொழும்புக்கு வந்த புதிதில் கடல் இரைச்சலும் ரயில் சத்தமும் எனக்கு இரண்டு கிழமையில் பழகிவிட்டன. இந்த விளையாட்டு மட்டும் பழகவில்லை. இந்த ஊரில் சொற்களை வாலில் பிடிக்கிறார்கள்.

நாங்கள் தலையில் பிடித்துப் பழகியவர்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அளவெட்டிப் பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்புவிக்கும்போது அடுத்த அடி மறந்து நின்றால், முந்தைய அடியின் முதற்சொல்லை வாய்க்குள் ஒரு தரம் உருட்டுவோம். எதுகை பிடிபட்டால் அடி தானாக வந்துவிடும். மண்வெட்டி, கண்ணீர், எண்ணெய்: இரண்டாம் எழுத்து ஒத்துப்போனால் அவை ஒரு குடும்பம், முடிவு எப்படிப் போனாலென்ன? செய்யுள் முடிந்ததும் பதவுரை. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் சொல்லாமல் எங்கள் வகுப்பில் ஒருவரும் உட்கார்ந்தது கிடையாது. பிறகு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தேன், நன்றாகவே படித்தேன். ஆனாலும் காது பழைய காதுதான்.

என் கணவருக்குக் கோட்டையில் ஒரு கம்பனியில் கிளாக்கர் உத்தியோகம். கலியாணத்துக்கு முன் அவர் சமறியில் இருந்தவர். ஊரிலிருந்து வந்த உத்தியோகத்தர் நாலைந்து பேர் சேர்ந்து வீடெடுத்து, சமையலுக்கு ஒருவரை வைத்துக்கொண்டு வாழும் வாழ்க்கை அது. யுத்தம் முடிந்தும் சாமான் விலை இறங்கவில்லை. அவருடைய ஒரு சம்பளத்தில் இங்கே வீடு நடத்த முடியாது. எனக்கு வேலை கிடைக்க வேண்டும், இல்லையென்றால் நான் ஊருக்கு, அவர் பழையபடி சமறிக்கு. கலியாணம் கட்டி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், கடிதத்தில் குடும்பம் நடத்த எனக்கு மனமில்லை.

கொட்டாஞ்சேனையில் மிஸ் டொறத்தி என்ற பறங்கி அம்மையார் தம் வீட்டு முன்பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். என்னை ஒரு தவணைக்குப் பரீட்சார்த்தமாக எடுத்தார். ரயிலில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து ட்ராம் எடுத்து, மீதி நடை. முதல் நாளே ஒரு பெட்டி நிறையப் படம் போட்ட அட்டைகளைத் தந்து, "ஒத்த ஓசையுள்ள சொற்களை ஒன்றாகச் சேர்த்து வை. அவைதான் உன் பாடம்" என்றார். பின்னேரம் அவர் வந்து பார்த்தபோது நான் அழகாக அடுக்கி வைத்திருந்தேன். பட்டன், கெட்டில், லெட்டர் ஒரு கட்டு. பில்லோ, வில்லேஜ், டொல் இன்னொரு கட்டு. இரண்டாம் எழுத்துப் பிசகாத எதுகை. என் தமிழ் வாத்தியார் கண்டிருந்தால் தட்டிக் கொடுத்திருப்பார்.

மிஸ் டொறத்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதில் ஒன்றோடொன்று சேர்கிற சொல் ஏது, பிள்ளை?" என்று கேட்டார். நான் எதுகையை விளக்கத் தொடங்கினேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "தவணை முடிவில் பெற்றோர் வருவார்கள். உன் வகுப்பு அவர்கள் முன் சொல்லிக்காட்ட வேண்டும். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி யோசிக்கிறேன்."

வீட்டில் சொன்னபோது என் கணவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இஞ்சாரும், கெட்டிலையும் லெட்டரையும் சோடி சேர்த்த ஆள் கொழும்பிலயே நீர் ஒராள்தான்."

"சிரிச்சது காணும். எனக்கு அந்தப் பிள்ளையளின்ர விளையாட்டைச் சொல்லித் தாங்கோ."

"சரிவராட்டில் யோசியாதையும். சித்திரைக்கு ஊருக்குப் போம். நான் சமறியில சமாளிப்பன்."

"நீங்கள் சமாளிப்பியள். நான் சமாளிக்க மாட்டன்" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அடுத்த நாளே நான் ஒழுங்கையில் இறங்கிப் பறங்கிப் பிள்ளைகளோடு கயிறடித்தேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்த யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பார்க்க ஜன்னல்கள் திறந்தன. திறக்கட்டும். ஒரு மாதத்தில் வால் பிடிபட்டுவிட்டது.

ஆனால் வகுப்பில் வேறொரு சங்கடம் இருந்தது. கதீஜா என்ற சோனகப் பிள்ளை ஃபிஷ், டிஷ், விஷ் என்று தண்ணீர் பட்ட பாடாகச் சொல்வாள். டிஷ் என்றால் என்ன என்று கேட்டால் சிரிப்பாள். மற்றப் பிள்ளைகளும் அப்படித்தான். அளவெட்டியில் இப்படி ஒரு பிள்ளையை உட்கார விட்டிருப்பார்களா? பதவுரை இல்லாமல் எனக்குப் பாடம் நடத்த வரவில்லை. வீட்டிலிருந்து சாப்பிடும் பீங்கானும் தலையணையும் கொண்டுபோனேன், நடித்துக் காட்டினேன். அப்படியும் விளங்காதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தமிழிலும் சிங்களத்திலும் காதோடு சொன்னார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் தவிர வேறு பாஷை கூடாது. தெரிந்துகொண்டே நான் கேளாததுபோல் இருந்தேன்.

பெற்றோர் வந்த நாளில் என் வகுப்பு வரிசையாக நின்று பிசகில்லாமல் சொன்னது. எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் கதீஜா, முன்வரிசையில் முக்காட்டோடு இருந்த தாயைப் பார்த்து, "உம்மா, டிஷ் எண்டா பீங்கான்" என்றாள், சபை முழுவதும் கேட்க. ஊருக்குப் போகும் ரயில் கண்முன் வந்து நின்றது.

அந்தத் தாய் இருந்த இடத்திலிருந்தே கேட்டார்: "அப்ப விஷ் எண்டா என்ன மகள்?"

"ஆசை, உம்மா."

அவர் அந்தச் சொல்லைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு ஃபிஷ், டிஷ் என்று முதலிலிருந்து தொடங்கினார். பிள்ளையைப் படிக்க அனுப்பி, அதன் வாயிலிருந்து வருவது என்னவென்று தெரியாமலே இருந்த அந்த முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்தது. பின்வரிசையில் ஒரு சிங்களத் தகப்பன் தன் மகனிடம் ஏதோ கேட்க, அவனும் பெருமையாகப் பதில் சொன்னான்.

எல்லோரும் போனபின் மிஸ் டொறத்தி என் மேசையைப் பார்த்தார். பீங்கான், தலையணை, அட்டைகள் எல்லாம் பரவிக் கிடந்தன. "உனக்கு ஓர் அலுமாரி தேவைப்படும்" என்றார். ஒழுங்கு இல்லாதவள் என்று சொல்லாமல் சொல்கிறார் என நினைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் பையில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் நடந்ததைக் கேட்ட என் கணவர், "போகப்போற ஆளுக்கு ஆரப்பா அலுமாரி குடுக்கிறது?" என்றார். திங்கட்கிழமை போனபோது வகுப்பு மூலையில் பழைய அலுமாரி ஒன்று நின்றது. அதன் திறப்பு பூட்டிலேயே செருகியிருந்தது.

சித்திரைக்கு ஊருக்கு வருகிறோம். இரண்டு பேருக்கும் ரிட்டர்ன் டிக்கட் எடுத்தாயிற்று. ரிட்டர்ன் என்பது ஊருக்கு வருவதா, கொழும்புக்குத் திரும்புவதா என்று டிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன், முடிவு வரவில்லை.

அலுமாரியின் மேல்தட்டில் கேக், லேக், ஸ்னேக் எல்லாம் வால் பிசகாமல் அடுக்கி இருக்கின்றன. கீழ்த்தட்டில் பட்டன், கெட்டில், லெட்டர் மூன்றும் ஒரு நூலால் கட்டியபடி கிடக்கின்றன. அவை சேரா என்று இப்போது எனக்கும் தெரியும். ஆனால் அட்டைகளை எடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இன்னமும் சொந்தக்காரர் போலத்தான் கேட்கிறது. அவிழ்க்க மனம் வரவில்லை.