முகம் தெரிகிற படம்

ஆர்ப்பாட்டத்துக்குப் போவது எப்படி என்று லண்டனில் யாருக்காவது பாடம் எடுக்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடலாம். குளிருக்கு உள்ளே இரண்டு உடுப்பு, பிளாஸ்கில் தேநீர், முக்கியமாக ஒரு படம். பதாகை, தூதரகக் கட்டடம், நம்முடைய முகம் மூன்றும் அதில் விழவேண்டும். அகதி வழக்கு நடத்திய யாழ்ப்பாணத்தவர் எல்லோருக்கும் இது தெரியும். திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று நீதிபதியை நம்பவைக்க அப்படியொரு படம்தான் எனக்கும் உதவியது.

ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டு மேல் அறையில் ஒரு பர்மியப் பெண் வாடகைக்கு இருந்தாள். படிக்க வந்தவள். அவளுடைய நாட்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்து, எதிர்த்துத் தெருவில் இறங்கிய பிள்ளைகளைச் சுட்டுக்கொண்டிருந்தது. விசா முடியப்போகிறதென்று அவளும் அகதி விண்ணப்பம் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தங்கள் தூதரகத்துக்கு முன்னால் ஆர்ப்பாட்டம் என்றாள். நானும் கூடப் புறப்பட்டேன். உள்ளுக்குள் ஒரு பெருமை. இந்த விசயத்தில் நாங்கள் மூத்தவர்கள் அல்லவா!

அங்கே பாதிப் பேர் மாஸ்க் போட்டு, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருந்தார்கள். அவளும் அப்படித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. "மாஸ்கைக் கழற்று பிள்ளை. முகம் தெரியாத படத்தால் வழக்குக்கு என்ன பிரயோசனம்?" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அங்கிள், வீட்டில்..." என்று எதையோ தொடங்கினாள். நான் காதில் வாங்கவில்லை, போனை உயர்த்திவிட்டேன். அவள் மாஸ்கைக் கழற்றி, தங்கள் போராட்ட வழக்கப்படி மூன்று விரல்களை உயர்த்தினாள். அருமையான படம். மறைத்து வைத்தால் வழக்குக்கு உதவாது என்று என் பேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி போட்டேன். "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று தலைப்பு வேறு.

சில வாரம் கழித்து, நாங்கள் சமைத்துக்கொண்டிருந்தபோது அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். இராணுவம் அவள் வீட்டுக்குப் போயிருக்கிறது. வந்தவர்கள் கையில் அந்தப் படம். அவள் இல்லாததால் தம்பியைக் கொண்டுபோய்விட்டார்கள். தாய் போனில் அழுதுகொண்டு சொன்னதை அவள் அழாமல் எங்களுக்குச் சொல்லிவிட்டு மேலே போனாள்.

"முகத்தைக் காட்டச் சொல்லி நீங்களே சொன்னனீங்கள்?" என்று மனைவி கேட்டாள்.

"ஓம்."

"அந்தப் பிள்ளைக்கு அங்கை ஆக்கள் இருக்கினமெல்லே. உங்களுக்கென்ன விசரே?"

பைத்தியம் இல்லை, அதைவிட மோசம். எனக்கு ஊரில் பிடித்துக்கொண்டுபோக யாரும் மிஞ்சவில்லை. அதனால்தான் அன்று என் வழக்குக்காக முகத்தை அவ்வளவு சுலபமாகக் காட்ட முடிந்தது. அதைத் துணிச்சல் என்று நினைத்து அவளுக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். பதிவை அழித்தேன். அழித்து என்ன?

வழக்கு வென்றது. தம்பியைப் பிடித்ததுதான் பலமான சாட்சியாம். "நீங்கள் சொன்னதுபோலவே நடந்தது, அங்கிள்" என்றாள். குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே நன்றி சொன்னாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விசா கிடைத்தால் ஆர்ச்வே முருகனுக்கு அர்ச்சனை செய்வது எங்கள் ஆட்களின் வழக்கம். மனைவி அவளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். யாருடைய பெயருக்கு என்று ஐயர் கேட்டபோது அவள் தம்பியின் பெயரைச் சொன்னாள். நட்சத்திரம் தெரியவில்லை. அவன் எந்தச் சிறையில் இருக்கிறான் என்பதே இன்னும் தெரியவில்லை.

வெளியே வந்ததும், தாய்க்கு அனுப்ப ஒரு படம் எடுப்போம் என்றாள் மனைவி. அந்தப் பிள்ளை தன் போனை என்னிடம் நீட்டினாள். பிறகு பையிலிருந்து மாஸ்கை எடுத்துப் போட்டுக்கொண்டு, கோயில் வாசலில் நேராக நின்றாள். அப்படியே எடுத்தேன்.

"முகம் தெரியவில்லைத்தானே, அங்கிள்?" என்று கேட்டாள்.

தெரியவில்லை என்றேன்.