வாய் திறந்த குறடு

செங்கல்பட்டில் நான் ஃபிட்டராக இருந்த ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஈ.சி.ஆர். ஓரம் ரிசார்ட்டுகள் முளைத்த காலம். மாமல்லபுரம் போகும் வழியில் ஒரு பழம்பொருள் கடையில் சேர்ந்தேன். என்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்கள் போல.

முதல் நாளே முதலாளி ஒரு கோணி மூட்டையைக் கொட்டினார்.

"யோவ், இதெல்லாம் இன்னான்னு சொல்லு பாப்போம்."

சம்மட்டி, சுத்தியல் எல்லாம் சொல்லிவிட்டேன். கடைசியாக இரண்டு கைப்பிடி, ஒரு வாயோடு துருவேறி ஒட்டிக் கிடந்த ஒரு நீளச் சாமான்.

"இது யானைக்குப் பல்லு புடுங்கறது. ஒரு வெள்ளக்காரன்கிட்ட அப்டித்தான் சொல்லி வெச்சிகீறேன்."

"கொல்லுப்பட்டறைக் குறடு அண்ணாத்த. வாயிக்குள்ள அரைவட்டமா குழி கீது பாருங்க. உருண்டைக் கம்பி புடிக்கிறது. தகடு புடிக்கிறதுன்னா வாய் சப்பையா இருக்கும்."

"யானை நல்லா இருந்திச்சேய்யா" என்று வருத்தப்பட்டார்.

துருவைக் கண்டதும் கிரைண்டரை எடுக்காதீர்கள். அது இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். ஒயர் பிரஷ் போட்டேன். ரிவிட்டைச் சுற்றி மெல்லத் தட்டித் தட்டி, தினம் கொஞ்சம் அசைத்தேன். ஒரு நாள் 'கிறீச்' என்று வாயைத் திறந்தது. என் கல்யாணத்தில்கூட நான் அப்படிப் பல்லைக் காட்டியதில்லை.

அந்த வாரம்தான் செல்வி வந்தாள். கோவளத்தில் அவளும் புருஷனும் படகுகளுக்கு நங்கூரம் அடிப்பவர்கள். அவன் குறடு பிடிப்பான், அவள் சம்மட்டி போடுவாள்.

"எங்க குறடு வாய் ஒடஞ்சி, பழுக்கக் காஞ்ச கம்பி நழுவுதுண்ணே. ஒரு தபா அவரு தொடைல வுழுந்திச்சி."

"புதுசா ஒண்ணு அடிச்சிக்கலாமே?" என்றேன் புத்திசாலியாக.

"அத்த அடிக்கவும் ஒரு குறடு வேணுமே."

துரு எடுத்த குறட்டை அவள் கையில் கொடுத்தேன், திறந்து மூடிப் பார்த்தாள். இதை இவளுக்குக் கொடுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "ஒடஞ்சத குட்த்துட்டு இத்த எட்த்துக்கினு போவட்டும். தொடச்சிப் பளபளன்னு ஆக்கி வெச்சிகீற. எவன் வாங்குவான்? துருவுக்குத்தான்யா கிராக்கி" என்றார். கையிலிருக்கும் வேலையை முடித்து வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிப் போனாள்.

அதற்குள் ஒரு ரிசார்ட் மேனேஜர் வந்து, ரிசப்ஷனில் மாட்டப் பழைய சாமான் கேட்டார். முதலாளி குறட்டையும் சேர்த்து விற்றுவிட்டார்.

"செல்வி வருமே அண்ணாத்த!"

"வேற ஒண்ணு குடுய்யா. மூட்டை நெறைய கீதுல்ல?"

மற்ற மூட்டைகளில் இருந்த குறடெல்லாம் சப்பை வாய், கம்பி பிடிக்காது.

வெள்ளிக்கிழமை காலை மேனேஜரே குறட்டோடு திரும்பி வந்தார். "கெஸ்ட்டோட குழந்தைக்கு விரல் நசுங்கிடுச்சு. திறக்காத மாதிரி வெல்டிங் வெச்சுக் குடுங்க."

வைத்தேன். சம்பளக்காரன். திறக்க அத்தனை பாடு. மூட ஒரு வெல்டிங் ராடு போதுமாக இருந்தது.

சூடு ஆறட்டும் என்று மேசைமேல் வைத்தேன். ஆறுவதற்கும் செல்வி வருவதற்கும் சரியாக இருந்தது. உடைந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டு இதை எடுத்தாள். கைப்பிடியை இழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

"இன்னாண்ணே, அன்னிக்கித் தெறந்துச்சே?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முதலாளிதான் பேசினார். "அது வித்துப்போச்சும்மா. அந்த ஒடஞ்சத குடுத்துட்டுப் போ, டப்பு தரேன்."

"வாணாம். இதாவது தெறக்குது."

உடைந்த குறட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. துரு எடுக்க எல்லாரும் விடுவார்கள். எடுத்த சாமான் யார் கைக்குப் போக வேண்டும் என்று சொல்ல மட்டும் விடமாட்டார்கள்.

பிறகு ஒருமுறை டெலிவரிக்காக அந்த ரிசார்ட்டுக்குப் போனேன். குறடு ரிசப்ஷனில் தொங்கியது. கீழே பலகையில் எழுதியிருந்தது: யானைக்குப் பல் பிடுங்கும் கருவி.