நீலம் பார்க்கும் அக்கா

சோதனை மேசையில் உட்கார்ந்ததும் அக்கா முதலில் இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வார். தெரு வெளிச்சம் கண்ணை விட்டு இறங்க வேண்டுமாம். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், "இரு, நான் இன்னும் வெளியிலதான் இருக்கேன்" என்பார். பிறகு மாதிரித் திரையை இடப்பக்கமும் சோதனைத் திரையை வலப்பக்கமும் வைத்து, இரண்டிலும் வெள்ளையை ஏற்றுவார்.

எங்கள் தொழிற்சாலையில் செய்யும் கைபேசித் திரைகளுக்குப் பின்னால் விளக்கு கிடையாது. கரிமக் குறைக்கடத்தி என்ற பொருளை, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய படலமாகப் படியவைத்து மின்சாரம் விட்டால், அதுவே ஒளிரும். சிவப்பும் பச்சையும் தாக்குப்பிடிக்கும். நீலம்தான் சவலைப்பிள்ளை, சீக்கிரம் சோர்ந்துவிடும். அது சோர்ந்தால் வெள்ளை மஞ்சளடிக்கும். அதனால் ஒவ்வொரு திரையையும் மூன்று நாள் எரியவிட்டு அக்காவிடம் அனுப்புவார்கள். பத்தில் ஒன்றைத்தான் கருவி அளக்கும். மீதி ஒன்பதுக்கும் அக்காவின் கண்தான் தீர்ப்பு. "மெஷினுக்கு நம்பர்தான் தெரியும். எனக்கு அதோட மூஞ்சியே தெரியும்" என்று அலட்டிக்கொள்வார். அலட்டட்டுமே, அத்தனையும் உண்மை என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

வண்ண உடை திரையில் பிரதிபலிக்கும் என்பதால் பதினெட்டு வருடமாகச் சாம்பல் நிறம்தான். கல்யாண வீட்டுக்கும் அதேதான். "கூட்டத்துல தேடவே வேண்டாம், மழை மேகம் மாதிரி நிப்பா" என்பார் அவர் கணவர். போன வருடம் ஒரு படுக்கை விரிப்பு வெள்ளையா மஞ்சளா என்று நாத்தனாரோடு மல்லுக்கட்டி, வெள்ளை என்றே சாதித்து, இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். நிறத்தில் அக்காவை யார் எதிர்ப்பது? நானும் அவர் பக்கம்தான் பேசினேன்.

போன மாதம் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். நேற்றுதான் வேலைக்குத் திரும்பினார். விடுப்புக்கு முன் அவரே பார்த்துத் தேறவைத்த நாற்பது திரைகள் அன்று மதியம் லாரி ஏறவிருந்தன. அதில் ஒன்றை எடுத்து மாதிரியின் பக்கத்தில் வைத்தார். வலது கண்ணைப் பொத்தினார். இடது கண்ணைப் பொத்தினார். மறுபடியும் அதையே செய்தார். பக்கத்து மேசையில் இருந்த நான் என் வேலையை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன்.

"புரை இருக்கிற பழைய கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. புதுக் கண்ணுக்கு இது மஞ்சள்" என்றார். "எத்தனை நாளா இப்படிப் பார்த்துட்டு இருந்தேனோ."

"யாருக்கும் தெரியாதுக்கா. சொன்னா எல்லாத்தையும் மெஷின்கிட்டயே கொடுத்துடுவாங்க. அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றேன். இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

"நான் இல்லாத மாசம் யாரு பார்த்தா?"

"மெஷின்தான்."

"சரியாத்தான் பார்த்திருக்கும்."

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்து, லாரி வந்துவிட்டது என்றார். "நிக்கட்டும் தம்பி. நான் பார்த்தது தப்பு" என்றார் அக்கா, எல்லோர் காதிலும் விழும்படி. திரையின் மூலையில், தேறியதற்கு அடையாளமாக அவர் கையெழுத்தோடு இருந்த ஒட்டுச்சீட்டை நகத்தால் கிளப்பி, தன் புறங்கையில் ஒட்டிக்கொண்டு, அடுத்த திரையை எடுத்தார்.