பேரன் மொழிபெயர்த்த என் சாட்சியம்

தமிழ்ச் சங்க ஆவணக் காப்பகத்து ஐயா, அம்மையீர்,

டெக்சாஸ் மாநிலத்து ஆலன் நகரில், என் மகள் மாலதியின் வீட்டில், சென்ற கோடை முழுவதும் குக்கர் விசில் ஒலிக்கவில்லை. சோற்றைத் திறந்த பாத்திரத்தில் வடித்தோம். நடுப்பகலிலும் ஜன்னல் திரைகள் மூடியே இருந்தன. மாலதியின் மகன் ஆதித்யா, வயது இருபத்து நான்கு, ஆஸ்திரேலியாவில் ஆட்டக்களத்தில் இரண்டாம் முறையாகத் தலையில் அடிபட்டு வந்து படுத்திருந்தான். ஓசையும் வெளிச்சமும் அவனுக்கு ஆகவில்லை.

அவன் இங்கே கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவன். அவன் எம்பிக் குதிப்பதைக் கண்ட ஆஸ்திரேலியக் கால்பந்துக் குழு ஒன்று, அந்தப் பந்தை உதைத்தே அறியாத அவனைச் சம்பளம் பேசி அழைத்துக்கொண்டது. நாம் அறிந்த கால்பந்து அன்று அது. முட்டை வடிவப் பந்து, கையாலும் பிடிக்கலாம். உயரே வரும் பந்துக்காக அடுத்தவன் தோளில் முழங்காலை ஊன்றி எழும்புவார்கள். "ஹெல்மெட் இருக்கும்போது என்ன பயம்?" என்று எதிர்வீட்டு அமெரிக்கர், தம் நாட்டுக் கால்பந்தை நினைத்து, ஆங்கிலத்தில் என்னைத் தேற்றினார். அந்த ஆட்டத்தில் ஹெல்மெட் கிடையாது என்று விளக்க என் ஆங்கிலம் போதவில்லை.

மீண்டும் ஆடலாமா என்று முடிவு செய்யும் நாளில், குழுவின் மருத்துவரான அம்மையார் காணொளியில் வந்தார். உடன் வசிப்பவர் ஒருவரிடம் விசாரிக்க வேண்டும் என்றார். மாலதி ஃப்ரீவே நெரிசலில் சிக்கியிருந்தாள். ஆகவே நான் உட்கார்ந்தேன், ஆதித்யாவே மொழிபெயர்த்தான்.

"தாத்தா, நான் எப்படி இருக்கேன்னு கேக்கறாங்க."

நான் சொன்னேன்: "போன வாரம் வாக்கிங் போய்ட்டு வரையில, எங்க தெருமுனையிலயே நின்னு, வீடு எந்தப் பக்கம்னு என்னக் கேட்டானுங்கம்மா. ஒரு காப்பி குடிக்கறதுக்குள்ள ஒரே சங்கதிய ரெண்டு தடவ சொல்றான். சொன்னது அவனுக்கே தெரியறதில்ல. இவன் ஆடக் கூடாதுங்கம்மா."

அவன் திரையைப் பார்த்து, "டாக்டர், கிராண்ட்பா சேஸ் வி கோ வாக்கிங். ஐ ஆம் கெட்டிங் பெட்டர்" என்றான்.

அந்த அளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும். "நோ, டாக்டர். நாட் ரைட்" என்றேன். அவன் சிரித்தபடி என் தோளில் கை போட்டு, நான் அவனைப் பிரிய மனமில்லாமல் பேசுவதாக அவரிடம் சொன்னான். அம்மையாரின் முகம் கனிந்தது. தம் தாத்தாவும் இப்படித்தான் என்றார். "ஹெட், டாக்டர், ஹெட்" என்று நான் சொல்லி முடிக்குமுன், பரிவோடு கையசைத்து விடைபெற்றார்.

"ஏண்டா மாத்திச் சொன்னே?"

"வாக்கிங் போனோம்னு நீங்கதானே சொன்னீங்க? ஐ ட்ரான்ஸ்லேட்டட் தட் பார்ட்" என்று சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. "ஃபுல்லா சொல்லியிருந்தா ஐ ஆம் டன், தாத்தா. இந்த சீசனோட காண்ட்ராக்ட் முடியுது. ஆடிக் காட்டலன்னா ரென்யூ பண்ண மாட்டாங்க."

மாலதி வந்ததும் சொன்னேன். அவள் குழுவைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினாள். "டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணிட்டானாம்ப்பா. அவன் அடல்ட், அவன் சொல்றதுதான் கணக்குன்னு சொல்லிட்டாங்க" என்று சோபாவில் சரிந்தாள்.

கோவையில் என் மனைவி நோயுற்றபோது மருத்துவர் என்னையும் மைத்துனரையும் வெளியே அழைத்துப் பேசினார், நாங்களே முடிவெடுத்தோம். திரும்பி வந்ததும், "டாக்டர் என்னங்க சொன்னாரு?" என்று கேட்டவளுக்கு விடை சொல்ல மருத்துவர் எங்களை அனுமதிக்கவில்லை. அது அநீதி என்று நெடுங்காலம் கருதினேன். நோயாளியின் சொல்லே செல்லும் இந்த நாட்டின் முறையை ஊராருக்கு எழுதி மெச்சினேன். இன்று எந்த நாட்டு முறையை வேண்டுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அவன் திரும்பிப் போய் ஆடுகிறான். அங்கே சனிக்கிழமைப் பிற்பகல் ஆட்டம், இங்கே வெள்ளிக்கிழமை இரவு எங்கள் கூடத்துத் தொலைக்காட்சிக்கு வருகிறது. மாலதி கராஜில் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொள்கிறாள். பந்து உயரும்போது அங்கே அரங்கமே அவனை எழும்பச் சொல்லி ஆர்ப்பரிக்கிறது. இங்கே நான் ஒருவன் மட்டும் "வேண்டாண்டா கண்ணு" என்கிறேன்.

அன்று நான் தமிழில் சொன்னது எந்த மருத்துவக் குறிப்பிலும் ஏறவில்லை. மேலே சொல்லுக்குச் சொல் எழுதியிருக்கிறேன். தயவுசெய்து இதை வைத்திருங்கள்.