கறித்தூளில் கட்டின மொகஞ்சதாரோ

அண்டைக்கு வகுப்பில் இருந்தவர்கள்: ரீச்சர். பெரிய ரீச்சர். என்ர மனுசி. பின் கதவடியில், பெற்றோல் அடிக்கிற செட்டின்ர வேலை உடுப்போடு நான். முன்னுக்கு எங்கட மகள். கம்பளத்தில் வகுப்புப் பிள்ளையள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மகள் லண்டன் வந்து ஒரு வருசம் ஆகேல்லை. வீட்டில் வாய் ஓயாது. கிங்ஸ்பரிப் பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லும் கதைச்சதில்லை. இந்தத் தவணையும் வாய் திறக்காட்டி, பேச்சு வராத பிள்ளையளின்ர பள்ளிக்கூடத்துக்கு மாத்தவேணும் எண்டு பெரிய ரீச்சர் சொல்லியிருந்தா.

சரித்திரப் பாடத்துக்குச் சிந்து நதிக்கரை நகரம் ஒண்டு செய்துகொண்டு போய், அதைப் பற்றிக் கதைக்கவேணும். மகள் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள், நாங்கள் செய்தம். கோதுமை மாவும் உப்பும் குழைச்சு, நெருப்புப்பெட்டித் தட்டில் அடைச்சுக் கல் எடுத்தம். நேரான ரோட்டு. வீட்டுக்கு வீடு கிணறு. ஊத்தைத் தண்ணி ஓட மூடின கான். நடுவில் குளிக்கிற கேணி.

"கல் வெள்ளையாக் கிடக்கு. அவையின்ரை சுட்ட கல்லெல்லோ, அப்பா."

மனுசி கறித்தூள் டின்னைத் திறந்து, மிச்ச மாவுக்கு அள்ளிப் போட்டா. அவணில் சுட்டு எடுத்தால், நிறம் அச்சொட்டு.

"நகரம் கட்டுறீரோ, நண்டுக்கறி வைக்கிறீரோ?" எண்டன்.

"நீங்கள் சிரியுங்கோ. நாளைக்கு அவள் கதைச்சால் காணும்."

அடுத்தநாள் ரீச்சர் நகரத்தை ஜன்னலடி ஹீட்டருக்கு மேல வைச்சா. மகள் பக்கத்தில் நிண்டாள். வாய் திறக்கேல்லை. ஹீட்டர் சூடு ஏறக் கறித்தூள் நெடியும் ஏறிச்சுது. முன்னுக்கு இருந்தவன் தும்மினான். பக்கத்துப் பெட்டை இருமினாள். பெரிய ரீச்சர் லேஞ்சியால் மூக்கைப் பொத்தினா. மனுசி நிலத்தைப் பார்த்தா.

பெரிய ரீச்சர் ஜன்னலைத் திறந்துபோட்டு, நகரத்தை வெளியில் வைக்கத் தூக்கினா. ஒரு பக்கம் சரிஞ்சுது.

"நோ," எண்டாள் மகள். "கான் உடைஞ்சிடும்."

இங்கிலீசில்தான் சொன்னாள். பெரிய ரீச்சர் அப்படியே திருப்பி வைச்சா.

"இது கறி பவுடர். அம்மா போட்டவ."

பிள்ளையள் சிரிச்சினம். மகளும் சிரிச்சாள். பிறகு கிணறு, கான், கேணி எண்டு விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்குப் பாதி விளங்கேல்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் விரல் கோட்டில் ஒண்டு எண்ணி வைச்சன்.

வெளியில் வந்து பஸ்சுக்கு நிக்கேக்க மனுசி கேட்டா, "எத்தினை?"

பத்தொன்பது.